கீழே நிற்பவனின் கை

நண்டு விரல்களை விரிக்க ஆரம்பித்தால் போதும், கிரேன்காரருக்குக் கண் சொக்கிவிடும்.

அதை நண்டு என்று முதலில் சொன்னது அவர் மனைவி. ஐந்து மெல்லிய உலோகக் கால்கள், விரலுக்கு ஒன்றாக. புறங்கையைக் கவ்விக்கொள்ள நடுவில் ஒரு தட்டையான ஓடு. ஓட்டிலிருந்து ஒரு வயர் கிளம்பி ஒரு பெட்டிக்குள் போகும். செயலிழந்த கையை விரித்து மடக்கிப் பழக்குகிற ரோபோ அது. பிசியோதெரபிஸ்ட் பெண் அதற்கு மூச்சு வாங்குகிற நீளத்தில் ஒரு பெயர் சொன்னாள். மனைவி அரை நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "நண்டு" என்றாள். அதோடு அந்த நீளப் பெயரின் கதை முடிந்தது. இரண்டாவது வாரத்தில் பிசியோவே, "சார், நண்டை மாட்டிக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் கைகளுக்கென்றே ஓர் அறை. நீள மேஜை ஒன்று. அதன் மேல் நுரைப் பந்துகள், துணிக் கிளிப்புகள், பூட்டும் தாழ்ப்பாளும் அடித்த ஒரு பலகை, குழந்தைகள் விளையாடுகிற மரக்கட்டைகள். ஐம்பத்து மூன்று வயதில் தன்னைக் கட்டை பொறுக்கிப் போடச் சொல்கிறார்களே என்று முதல் நாள் கிரேன்காரருக்கு மானம் போயிற்று. கட்டையைத் தொடக்கூட இடது கையால் முடியவில்லை என்று தெரிந்தபோது மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று. அவர் நாற்காலி ஜன்னலோரம். எட்டிப் பார்த்தால் கார்கள் வந்து திரும்புகிற முற்றம் தெரியும். உயரத்தில் உட்கார்ந்தே பழகிய மனிதருக்கு அது மட்டும்தான் ஆறுதல்.

நண்டின் மோட்டார் சத்தம் போடாது. "ம்ம்ம்" என்று முனகும், யாரோ எதற்கோ அரை மனதாகச் சம்மதிக்கிற மாதிரி. ஆள்காட்டி விரல் நிமிரும், அப்புறம் நடுவிரல். அதற்குள் அறை மெல்ல உயரத் தொடங்கிவிடும். மேஜை உயரும், சுவர்க் கடிகாரம் உயரும், பிசியோவின் குரல் எங்கோ கீழே தங்கிப்போகும். தொண்ணூறு மீட்டர் உயரத்தில் தன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கூண்டுக்குக் கீழே பால் ஊற்றிய மாதிரி மூடுபனி. பனி விலகுகிற இடத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள், எறும்பளவு. அந்த ஆள்தான் தன் இடது கை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கனவில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? மேலேயிருந்து கூப்பிடுவார். அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். தொண்டை கிழியக் கூப்பிடுவார். அவன் பாட்டுக்குத் தரையில் எதையோ தேடிக்கொண்டிருப்பான்.

"சார், தூங்காதீங்க. திரையைப் பாருங்க."

திரையில் இரண்டு பட்டைகள். நீலம், நண்டு போடுகிற பலம். பச்சை, அவர் போடுகிற பலம். நீலம் கூரையை முட்டிக்கொண்டிருக்கும். பச்சை தரையோடு தரையாகக் கிடக்கும்.

"நான் முயற்சி பண்ணிட்டுத்தாம்மா இருக்கேன்" என்பார் கொஞ்சம் குழறலாக.

"தெரியுது சார்" என்பாள் அவள். நல்ல பெண். பொய் சொல்லும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள்.

நண்டைக் கழற்றினால் கை மறுபடி சுருண்டுகொள்ளும். குரங்குப் பிடி என்பார்களே, அந்தப் பிடி. பல் துலக்கும்போது பற்பசை மூடியைத் திறக்க விடாது, சட்டைக் கைக்குள் நுழையவிடாது, தூக்கத்தில் போர்வையைப் பிடித்தால் காலையில் மனைவி வந்துதான் விடுவிக்க வேண்டும். "எதை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க" என்பாள் அவள். கேலி மாதிரிதான் சொல்வாள். சொல்லிவிட்டு அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள்.

நண்டுக்கு ஒரு கெடு இருந்தது. ஒருவருக்கு ஆறு வாரம். ஆறாவது வார வெள்ளிக்கிழமை நண்டில்லாமல், யாரும் தொடாமல், கை தானாக விரிய வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை, விரல் மூட்டில் பத்து டிகிரி. மூன்று தடவை. விரிந்தால் இன்னும் ஆறு வாரம் கிடைக்கும். விரியாவிட்டால் நண்டு பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். "இனிமே திரும்பாதுன்னு அர்த்தம் இல்லை சார். ஆனா மெஷின் ஒண்ணுதானே இருக்கு" என்று பிசியோ விளக்கினாள். அடுத்து இருப்பவர் ஒரு தச்சர். வராந்தாவில் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்தால் கிரேன்காரருக்குக் கோபமும் வரவில்லை, பொறாமையும் வரவில்லை. திருடிக்கொண்டிருப்பது போல ஒரு கூச்சம்தான் வந்தது.

நாலாவது வாரம் பிசியோ ஒரு புது வழி சொன்னாள். நண்டுக்கு ஜோடியாக ஒரு கையுறை உண்டு, லீடர் கிளவுஸ் என்று பெயர். அதை நல்ல கையில் மாட்டிக்கொண்டால், நல்ல கை எப்படி அசைகிறதோ அப்படியே நண்டு மற்ற கையையும் அசைக்கும். ஒரு கை செய்வதைப் பார்த்து மறு கைக்கு ஞாபகம் வரும் என்பது கணக்கு. முக்கால்வாசிப் பேருக்குப் பலிக்கும் என்றாள்.

கிரேன்காரர் வலது கையை விரித்தார். நண்டு இடது கையை விரிக்கப் போயிற்று. கை விரியாதது மட்டுமல்ல, இன்னும் இறுக்கிக்கொண்டது. நண்டு பீப் பீப் என்று கத்தியது. திரையில் சிவப்பு. மறுபடி செய்தார். மறுபடி கத்தியது. இரண்டு நாள் இதே கூத்து. வலது கை எதைச் செய்தாலும் இடது கை அதற்கு நேர்மாறாக அடம் பிடித்தது.

பிசியோ குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டாள். மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"இவர் கையைப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா. கிரேன்ல வலது கை லிவர் தூக்கும், இறக்கும். இடது கை லிவர் திருப்பும். வலது கை வேலை செய்யும்போது இடது அசையவே கூடாது. அசைஞ்சா சுமை ஆடும். இருபத்தாறு வருஷமா இடது கைக்கு இவர் சொல்லிக் குடுத்த ஒரே பாடம், பக்கத்துல இருக்கிறவன் என்ன செஞ்சாலும் நீ கண்டுக்காதேங்கிறதுதான். வீட்லயும் அப்படித்தான். ஒரு கையால டீயைக் கலக்கிக்கிட்டே இன்னொரு கையில ததும்பத் ததும்பத் தண்ணி வச்சிருப்பார். ஒரு சொட்டு சிந்தாது."

கிரேன்காரருக்கு வியப்பாக இருந்தது. தன் கையைப் பற்றி அவருக்கே இது தெரியாது. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் எதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள்!

"அப்ப வேற யாராவது லீடர் கிளவுஸ் போட்டுக்கலாமே" என்றாள் பிசியோ.

மனைவியே போட்டுக்கொண்டாள். நண்டு கத்தவில்லை. அவள் விரித்தால் அவர் கை விரிந்தது, அவள் மடக்கினால் மடங்கியது. இரண்டு கைகளும் ஒன்றாக மூச்சு விடுவதுபோல இருந்தது. இறுக்கம் தளர்ந்து, கை வெண்ணெயாகக் குழைந்தது. ஆனால் பச்சைப் பட்டை எழவே இல்லை. கை சுகமாகத் தூங்கிவிட்டது, கூடவே கைக்குச் சொந்தக்காரரும்.

அன்றைய கனவில் பனியே இல்லை. கூண்டிலிருந்து பார்த்தால் கீழே அவர்கள் வீட்டு மொட்டை மாடி. கொடியில் துணி காய்கிறது. மஞ்சள் சட்டைக்காரன் ஈரத் துணியை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறான். பார்க்கப் பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது. எழுந்தபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

"பெண்டாட்டி கையைப் பிடிச்சதும் கும்பகர்ணன் ஆயாச்சு. இதுக்கு நண்டு எதுக்கு, நானே போதும்" என்றாள் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை. கெடுவுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

கிளவுஸைக் கழற்றிக்கொண்டே அவளே சொன்னாள்: "அந்தக் கை யார் பேச்சைக் கேட்கும்னு எனக்குத் தெரியும்."

அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

கிரேன் ஓட்டுகிறவர் தன் சுமையைப் பார்த்து ஓட்டுவதில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் சுமைக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஜாண் இருக்கிறதா, ஓர் ஆள் உயரம் இருக்கிறதா என்று தெரியாது. கீழே ஒருவன் நின்று கையால் காட்டுவான். விரலைச் சுழற்றினால் தூக்கு, கட்டை விரலைச் சாய்த்தால் திருப்பு, விரலும் விரலும் உரசினால் மெதுவாக. அந்தக் கை சொல்வதுதான் சட்டம். பதினாலு வருஷமாகக் கிரேன்காரருக்குக் கீழே நின்று கை காட்டியவன் அவர் மனைவியின் தம்பி.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை பத்து மணி. ஒரு கம்பிக் கட்டைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே மைத்துனன் "நில்" காட்டினான். நில் என்றால் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கை. நில் கண்டால் லிவரை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். விட்டுவிட்டதாகத்தான் கிரேன்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். விடவில்லை. மூளைக்குள் வலப்பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் அடைத்து, இடப்பக்கம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. செத்த கை லிவர் மேல் சாய்ந்து கிடந்தது. கிரேன் மெல்ல, அவசரமே இல்லாமல், திரும்பிக்கொண்டே இருந்தது. வலது கை மட்டும் வேலையை மறக்கவில்லை. சுமையை மேலே, இன்னும் மேலே, எந்தக் கூரையிலும் எந்தத் தலையிலும் இடிக்காத உயரத்துக்குத் தூக்கி வைத்தது. ஒன்பது நிமிஷம் அந்தக் கம்பிக் கட்டு ஊருக்கு மேலே வட்டமடித்தது. ஆற்றுப் பாலம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, வந்த பாலமே திரும்பவும் வந்தது. அழகாக இருக்கிறதே என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அமுக்கினால் கிரேன் மொத்தமாக நிற்கும். அமுக்கினால் விசாரணையும் வரும். மாமாவுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு கெட்ட பெயர் இல்லையே, அதைத் தன் கையால் கெடுப்பதா என்று மைத்துனன் அமுக்கவில்லை. ஒரு கையில் நில் காட்டிக்கொண்டு, இன்னொரு கையில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தான். தூங்குறியா மாமா, குடிச்சிருக்கியா, கண்ணு அவிஞ்சுபோச்சா, எவன் செத்தா உனக்கென்ன. வேலையிடமே வேடிக்கை பார்த்தது. பதில் சொல்லும் பொத்தான் இடது லிவரில் இருந்தது. ஒன்பதாவது நிமிஷம் இன்ஜினியர் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா…" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மைத்துனன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அன்று படியிறங்கிப் போனவன் அப்புறம் மாமா முகத்தில் முழிக்கவே இல்லை. தினமும் அக்காவுக்கு போன் செய்து விசாரிப்பான். ஞாயிற்றுக்கிழமை வாசல் கேட்டில் ஒரு பை பழம் தொங்கும். ஆளைக் காண முடியாது.

மனைவி அன்றைக்கே தம்பிக்கு போன் போட்டாள். கிரேன்காரருக்கு ஒரு பக்கத்துப் பேச்சுதான் கேட்டது.

"பழம் வேண்டாம்டா, அழுகிக்கிட்டு இருக்கு… நீ வா… வரலைன்னா என்னை அக்கான்னு கூப்பிடாதே. அவ்வளவுதான்."

மறுநாள் வந்தான். மெலிந்திருந்தான். "வாங்க மாப்ளே" என்றார் கிரேன்காரர். "நல்லா இருக்கீங்களா மாமா" என்றான் அவன், அவர் காலர் பட்டனைப் பார்த்துக்கொண்டு. நல்லா இருக்கிறவரைக் கேட்கிற கேள்வியா அது! அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. நல்ல வேளையாக நண்டு இருந்தது. பேச்சு வராத இடத்தில் ஏதாவது ஒரு வேலை இருந்தால் மனிதர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

லீடர் கிளவுஸை மாட்டிக்கொண்டதும் மைத்துனனின் கை தானாகவே பழைய பாஷைக்குப் போய்விட்டது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினான். தூக்கு. கட்டை விரலைச் சாய்த்தான். திருப்பு. விரல் நுனிகளை உரசினான். மெதுவாக, மெதுவாக.

பச்சைப் பட்டை துடித்தது.

"சார்!" என்றாள் பிசியோ.

மூன்று சதவீதம். அப்புறம் ஐந்து. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கிரேன்காரர் சொக்கிப்போகவில்லை, முழித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் அறைக்குள் பனி இறங்கியது. கண்ணைத் திறந்திருக்கும்போதே கனவு காண முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. மேஜையின் மறுபக்கத்தில் அசைகிற அந்தக் கை வெகு தூரத்தில், வெகு கீழே, மிகச் சின்னதாக, மிகத் தெளிவாக அசைந்தது.

"இப்ப முழுசா விரிங்க" என்றாள் பிசியோ. "அஞ்சு விரலும். அதுதான் நமக்கு வேணும்."

மைத்துனனின் கை பாதியில் நின்றது. கண்ணாடி டம்ளரை மேஜை மேல் வைப்பதுபோல, பயந்து பயந்து, அரைகுறையாக விரித்தான். பச்சை விழுந்துவிட்டது.

அடுத்த நாளும் இதுதான், அதற்கடுத்த நாளும். தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் காட்டினான். அந்த ஒன்றை மட்டும் காட்டவில்லை. விரி என்றால் விரிப்பான். ஆனால் அது வெறும் விரித்த கை. சந்தையில் காய் விலை கேட்கிறவன்கூட அதைவிட உறுதியாக விரிப்பான். பிசியோவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. கிரேன்காரருக்கு மட்டும் முதல் தடவையே தெரிந்துவிட்டது. இவன் நில் காட்ட மாட்டேன் என்கிறான். ஒன்பது நிமிஷம் காட்டியும் நிற்காத நில். அதை மறுபடி தூக்க அவன் கைக்குத் தெம்பில்லை.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். எப்படிச் சொல்வது? தப்பு உன்மேல் இல்லை என்றால், தப்பு ஒன்று நடந்தது என்றாகிவிடும். என்மேல் கோபம் இல்லையே என்று அவன் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வதற்குள் தான் அழுதுவிடுவோமோ என்ற பயம் வேறு. ஆம்பிளைகள் இரண்டு பேர் இப்படி ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒன்பது நாளை வீணடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிசியோ நண்டைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவியை எடுத்து விரல் மூட்டில் பொருத்தினாள். கிரேன்காரரின் கை மேஜை மேல் சுருண்டு கிடந்தது.

"விரிங்க சார்."

விரித்தார். அதாவது, உள்ளே விரித்தார். வெளியே ஒன்றும் நடக்கவில்லை.

"அவசரமில்லை. இன்னொரு தடவை."

நெற்றி வியர்த்தது. தோள் தூக்கியது, தாடை இறுகியது, வலது கால்கூடத் தரையை அழுத்தியது. உடம்பு மொத்தமும் உதவிக்கு வந்தது, கையைத் தவிர. பிசியோ அளவியை விலக்கவில்லை. ஆனால் அவள் கண் அவர் முகத்தைவிட்டு டெஸ்ட் தாளுக்குப் போயிற்று. மைத்துனன் சுவரோடு சுவராக நின்றான். எதிரே வந்து கை காட்டிப் பார் என்று அக்கா பிடித்துத் தள்ளினாள். வந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, கையைத் தூக்கி, பழையபடி அரைகுறையாக விரித்தான்.

கிரேன்காரருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் முதல் கோபம், மூக்குக்கு மேல் வந்தது.

"மாப்ளே, இவ்வளவு கிட்ட நின்னா நீ எனக்குத் தெரிய மாட்டே. பதினாலு வருஷத்துல என்னிக்காவது மூஞ்சிக்கு நேரா நின்னு காட்டியிருக்கியா? கீழே போ."

"கீழேன்னா?"

"கீழேன்னா கீழே. முத்தத்துல போய் நில்லு. போனை எடுத்துக்க."

பிசியோ திகைத்தாள். "சார், டெஸ்ட்ல இதுக்கெல்லாம்…"

"யாரும் தொடக் கூடாதுன்னுதானேம்மா ரூல்? அவன் மூணு மாடி கீழே நிக்கிறான். எப்படித் தொடுவான்?"

அவள் கையிலிருந்த தாளை ஒரு தடவை முழுக்கப் படித்தாள். அப்புறம் எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தாள்.

முற்றத்தில் மைத்துனன் வந்து நின்றான். மேலேயிருந்து பார்த்தபோது கிரேன்காரருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சின்னதாக, அளவாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்றான். இப்போதுதான் அவன் அவனாக இருந்தான். வெயில் இருந்தும் முற்றத்தின் ஓரங்கள் மெல்லக் கரைந்தன. கார்கள் கரைந்தன, சத்தம் கரைந்தது. நடுவில் அந்த ஒரு ஆள் மட்டும். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை, அண்ணாந்து பார்த்தான்.

பிசியோ தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"மாமா, தெரியுதா?"

"தெரியுது. திருப்பு காட்டு."

காட்டினான். மேஜை மேல் இடது மணிக்கட்டு ஒரு நூலளவு அசைந்தது. தானாக.

"மெதுவா காட்டு."

காட்டினான்.

"இப்ப நில் காட்டு."

கீழே அந்தக் கை இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, அது வேண்டாம் மாமா."

"காட்டுடா."

"அன்னிக்குக் காட்டினேனே மாமா. காட்டிக்கிட்டே… என்னென்னமோ பேசிட்டேன். பட்டனை அமுக்கியிருந்தா உங்க கை…"

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிசியோ எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அளவியைப் பார்த்தாள். கிரேன்காரர் போனைப் பார்த்துப் பேசவில்லை, கீழே நின்றவனைப் பார்த்தே பேசினார்.

"நீ பேசினது அத்தனையும் எனக்குக் கேட்டுது மாப்ளே. மேலே எனக்குத் தூக்கம் தூக்கமா வந்துச்சு. சுகமான தூக்கம். பாலமும் ஆறும் சுத்துது, அப்படியே கண்ணை மூடிடலாம்னு இருந்துச்சு. நீதான் விடலை. யாரோ ஒருத்தன் கீழேயிருந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கிட்டு இருக்கான், அவனுக்கு ஒரு பதில் சொல்லாம கண்ணை மூடக் கூடாதுன்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். வலது கை அதுலதான் நின்னுது. நீ வாயை மூடியிருந்தா அந்தச் சுமை எவன் தலையிலயாவது இறங்கியிருக்கும். நானும் இறங்கியிருப்பேன், வேற மாதிரி. புரியுதா? உன் மேல எனக்குக் கோபம் ஒண்ணே ஒண்ணுதான். இவ்வளவு நாள் வராம இருந்தே பாரு, அது. இப்ப நில் காட்டு."

மைத்துனன் கையைத் தூக்கினான். தோளிலிருந்து நேராக, ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கை முழுசாகத் தெரிய. அதுதான் நில். முற்றத்துக்குள் திரும்பிய ஒரு கார் அதைப் பார்த்துச் சட்டென்று நின்றது. அதன் பின்னால் இன்னொன்று நின்றது.

மேஜை மேல் கிரேன்காரரின் இடது கை லிவரை விட்டது.

அப்படித்தான் அவருக்கு இருந்தது. விரிப்பது எப்படி என்று ஆறு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார். விரிக்க ஒன்றும் இல்லை, பிடித்திருந்ததை விட வேண்டியதுதான் பாக்கி. நடுவிரல் முதலில் அசைந்தது. மோதிர விரல் அதைத் தொட்டுக்கொண்டு வந்தது. நடுக்கத்தோடு, வெட்கத்தோடு, கை கொஞ்சம் திறந்தது. ஒரு எலுமிச்சம் பழத்தைப் பிடிக்கிற அளவுக்குத்தான். யாரும் தொடவில்லை. நண்டு ஓரத்தில் சும்மா கிடந்தது.

"பன்னெண்டு" என்றாள் பிசியோ. குரல் உடைந்திருந்தது. "பன்னெண்டு டிகிரி சார்."

மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே நின்றவனுக்கு எதுவும் தெரியாது. அவன் கையைத் தூக்கியபடியே நின்றான். அவனைச் சுற்றி ஹார்ன் சத்தம் கிளம்பியது. யாரோ கார் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார்கள். அவன் அசைந்து கொடுக்கவில்லை.

"மாமா, என்னாச்சு? மாமா?"

கிரேன்காரர் ஜன்னல் பக்கம் சாய்ந்து சொன்னார்: "கையை இறக்குடா. நான் நிறுத்திட்டேன்."

கை இறங்கியது. அவன் முற்றத்து நடுவிலேயே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். போனில் அந்த அழுகை கேட்டது. ஐந்து மாதம் தேக்கி வைத்த அழுகை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மேலே கிரேன்காரரும் அழுதார். மறைக்க நினைத்தார். மறைக்க ஒரு கைதான் இருந்தது, அது பற்றாது என்று விட்டுவிட்டார்.

பிசியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளில் எழுதினாள். எழுதியவள் தயங்கினாள். "சார்… மன்னிச்சுக்கங்க. மூணு தடவை காட்டணும். இன்னும் ரெண்டு பாக்கி."

மனைவி தரையிலிருந்து எழுந்தாள், கண்ணைத் துடைத்தாள், மேஜை மேலிருந்த போனை வெடுக்கென்று எடுத்தாள்.

"டேய், அழுகையெல்லாம் அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதுக்கலாம். எழுந்திரு. இன்னும் ரெண்டு தடவை வேணுமாம்."

கீழே அவன் எழுந்தான். கார்க்காரர்களிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ, அவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு அவனோடு சேர்ந்து அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தார்கள். கிரேன்காரர் சுருண்டுகொண்டிருந்த தன் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"காட்டு மாப்ளே" என்றார்.